தரையில் நிற்காத மரம்

தேவராஜ்,

உன் கடிதம் கைக்கு வந்து பதினோரு நாள் ஆகிறது. தபால்காரர் சவுக்குத் தோப்புக்கே வந்து கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கே மூன்று முறை படித்தேன். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன். மூன்று முறை படிக்க ஒரு முழுப் பகல் பிடித்தது. உன்னோடு வேலை பார்க்கிற ஏகாம்பரத்தின் தங்கையைக் கட்டிக்கொள்ளப் போகிறாய், பெயர் கஸ்தூரி, ஊர் புள்ளலூர், தை மாதம் பெரம்பூர் வேதக்கோயிலில் கல்யாணம், நான் கட்டாயம் வர வேண்டும் என்று எழுதியிருந்தாய். இத்தனை வருஷத்தில் நீ எனக்கு எழுதியதிலேயே நீளமான கடிதம் அதுதான். அதை மடித்து மடியில் செருகிக்கொண்டு இரண்டு வண்டி மரம் ஏற்றினேன். உடம்பு வலியே தெரியவில்லை.

ஆனால் கடைசியில் ஒரு வரி இருந்தது. பெண் இந்து, ஆனால் ஞானஸ்நானம் எடுத்துக்கொள்கிறாள், அவள் வீட்டுப் பழக்கம் எதுவும் என் வாசற்படி தாண்டி உள்ளே வராது, பேசி முடித்தாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். ஞானஸ்நானத்தைப் பற்றி எனக்கு ஒரு பேச்சும் இல்லை. அது அவளுக்கும் அவள் கும்பிடப்போகிற சாமிக்கும் நடுவே இருக்கிற காரியம். அந்த வாசற்படிதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. ஏறக்குறைய அதே வார்த்தையை உன் வயதில் நானும் சொன்னேன். யாரிடம் சொன்னேன், அதனால் என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியாது. உன் அம்மா உனக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நம் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரம் தலைகீழாகத் தொங்கியது உனக்கு ஞாபகம் இருக்கும். மறக்கக்கூடிய விஷயமா அது. உன் நைனா விவரம் இல்லாத காட்டான், மரத்தை எப்படி வைப்பது என்று தெரியாமல் கட்டித் தொங்கவிட்டான் என்றுதான் நீ இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருக்கிறாய். பத்து வயதில் என் முகத்துக்கு நேராகவே அதைச் சொன்னாய். அப்போது நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். கையை நீட்டிவிட்டேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

உன் அம்மா எஸ்தரை நான் தோப்பில்தான் முதலில் பார்த்தேன். மானாம்பதியைச் சுற்றியிருக்கிற சவுக்குத் தோப்புகளில் வெட்டு நடக்கும்போது நான் கோடாலிக்காரன். அடிமரத்தை வெட்டி வண்டியேற்றிக் காஞ்சிபுரம் விறகுத் தொட்டிக்கு அனுப்புவோம். நுனியில் இருக்கிற மெல்லிய கிளைகளை, மிளார் என்போமே, அதைக் கட்டுக்கட்டாகக் கட்டி உள்ளூரில் அடுப்புக்கு விற்பார்கள். ஒரு தோப்பில் கிணறு வெட்ட உன் தாத்தா வந்திருந்தார், செங்கல்பட்டுக்கு இந்தப் பக்கத்து ஊர்க்காரர். அவருக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்த பெண் உன் அம்மா. வேதக்காரக் குடும்பம். நாம் அம்மன் கும்பிடுகிற குடும்பம். ஆனாலும் நம் ஜனத்தில் அப்படிக் கட்டுவதும் கொடுப்பதும் புதிது இல்லை. உன் தாத்தா என்னை ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "மாப்ள, எம் பொண்ணு வேதம் படிக்கும், ஞாயித்துக்கெயம கோயிலுக்குப் போவும். தடுப்பியா?" தடுக்க மாட்டேன் என்றேன். மனசாரத்தான் சொன்னேன். வாக்குக் கொடுக்கிறபோது எல்லாரும் மனசாரத்தான் கொடுக்கிறோம் தேவராஜ்.

கல்யாணமான முதல் மார்கழியில் அவள் என்னிடம் கேட்டது ஒரு சவுக்குக் கொழுந்து. "இடுப்பு ஒசரம் போதும்யா. நெறைய கெள இருக்கறதா பாத்து எத்தினு வா" என்றாள். நாள் முழுக்கச் சவுக்கோடு கிடப்பவனுக்கு அது ஒரு பொருட்டா? கொண்டுவந்தேன். மண்சட்டியில் மண் போட்டு நட்டாள். சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தைச் சேர்த்து வைத்திருந்து நட்சத்திரம் செய்தாள். குன்றிமணியைக் கோத்துச் சுற்றினாள். அடுத்த வருஷம் நீ பிறந்துவிட்டாய். உனக்குத் தேவராஜ் என்று பெயர் வைத்தோம். இரண்டு பக்கத்துச் சாமிக்கும் பொருந்துகிற பெயர் என்று அவள்தான் தேடி எடுத்தாள். இரண்டு மூன்று வருஷம் இப்படியே நல்லபடியாகப் போயிற்று.

அந்த வீடு அப்போது உன் பெரியப்பா பெயரில் இருந்தது. எங்கள் அப்பா அம்மா போன பிறகு என்னை ஆளாக்கியவர் அவர்தான். ஒரே கூரையின் கீழ் அவர் ஒரு பாதி, நாம் ஒரு பாதி. நடுவில் சுவர்கூட இல்லை, ஒரு தட்டிதான். உனக்கு மூன்று வயது இருக்கும்போது தெருவில் அம்மன் திருவிழாவை எடுத்து நடத்துகிற பொறுப்பு அவரிடம் வந்தது. அவர் அதைப் பெரிய மரியாதையாக நினைத்தார். அந்த மார்கழியில் டீக்கடையில் யாரோ அவரைப் பார்த்து, "உன் வூட்லியே வேதக்கார மரம் நட்டு வச்சிக்கிறாங்க, நீ இன்னா அம்மனுக்குக் காப்பு கட்டிக்கிற" என்று கேட்டிருக்கிறான். அவர் நேராக வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே நாலு பேர்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம். உன் அம்மா மரத்துப் பக்கத்தில் உட்கார்ந்து நட்சத்திரத்தை நூலில் கட்டிக்கொண்டிருந்தாள். நீ சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் பெரியப்பா வாசலில் நின்று கத்தினார்.

"டேய், இந்த வூட்ல ஆம்பள நீயா, அவளா?"

நாலு பேருக்கு முன்னால் கேட்ட கேள்வி. நான் திரும்பினேன். உன் அம்மாவைப் பார்த்து, "உன் வூட்டுப் பயக்கம் எதுவும் இனிமே இந்த வாசப்படி தாண்டி வரக்கூடாது" என்றேன். சொன்னதோடு விட்டிருக்கலாம். காலைத் தூக்கி அந்த மரத்தை உதைத்தேன்.

சட்டி உடைந்தது. ஓடு தெறித்து உன் காலில் பட்டது. உன் இடது கால் கட்டை விரலுக்குப் பக்கத்தில் ஒரு வடு இருக்கிறதே, சின்ன வயதில் அரிவாள்மணை மேல் மிதித்துவிட்டாய் என்று சொல்லி வைத்திருந்தோமே, அது அரிவாள்மணை இல்லை. அது நான். ரத்தத்தைப் பார்த்ததும் வந்திருந்த நாலு பேரும் நகர்ந்துவிட்டார்கள். உன் பெரியப்பாவும் தட்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். உன் அம்மா முந்தானையைக் கிழித்து உன் காலில் கட்டினாள். அழவில்லை, என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. விடிந்ததும் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஒரு துணி மூட்டையோடு, உத்திரமேரூர் வரைக்கும் நடந்தே போய்ச் செங்கல்பட்டு பஸ் ஏறிவிட்டாள். அவளுக்கு அன்றைக்குப் பண்டிகை.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பத்து நாளில் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். பொங்கல் ஆயிற்று, வரவில்லை. தை கடைசியில் நானே போனேன். தலை நிறையக் கர்வத்தோடு போனேன். உன் தாத்தா கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்காரச் சொன்னார். நீ என்னைப் பார்த்ததும் ஓடிப்போய் உன் அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். நடக்கும்போது ஒரு காலை லேசாக இழுத்தாய். அதைப் பார்த்த பிறகும் என் வாயில் மன்னிப்பு வரவில்லை. "கெளம்பு, போலாம்" என்றுதான் சொன்னேன்.

உன் அம்மா கேட்டாள்: "வரேன். வந்தா, வர்ற வருசம் என் மரத்த எங்க வெக்கறது?"

"மரமா இப்ப முக்கியம்?"

"உனுக்கு முக்கியம் இல்ல. அதான் ஒதைச்ச. எனுக்கு எங்க வெக்கறதுன்னு சொல்லு, இப்பவே வரேன்."

வீடு அண்ணன் வீடு, தரை அண்ணன் தரை. வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். வழியெல்லாம் அவள் மேல் கோபமாக இருந்தேன். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்த பிறகுதான் கோபம் போயிற்று. அதற்குப் பதிலாக வந்தது அதைவிட மோசம். நீ தவழ்ந்து தவழ்ந்து தட்டியில் ஓட்டை போட்டிருந்தாய். அந்த ஓட்டையைப் பார்த்தபடி எத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. வைகாசியில் கூரையைப் பிரித்துப் புதிதாக வேய்ந்தேன். தனி ஆளாக வேய்ந்தேன், உன் பெரியப்பா பாதியையும் சேர்த்து. கை சும்மா இருந்தால் மனசு செங்கல்பட்டுக்குப் போய்விடும்.

அந்த வருஷம் ஐப்பசி முழுக்க மழை. ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்தது. மழை விட்டதும் தோப்பில் வெட்டு ஆரம்பித்தோம். ஒருநாள் உன் பெரியப்பாவிடம் போய் நின்றேன்.

"அண்ணே, அவள இட்டுகினு வரப்போறேன்."

"வரட்டும். வாணான்னு யாரு சொன்னது? புள்ள மொகத்த பாத்து வருசம் ஆவுது. ஆனா ஒண்ணு. அந்த மரம் இந்த வூட்டுத் தரையில நிக்கக்கூடாது. நான் உசுரோட கீற வரிக்கும் நிக்கக்கூடாது. இன்னா?"

"சரிண்ணே. நிக்காது" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, என்ன செய்வதென்று தெரியவில்லை. ஊருக்கு வெளியே தனிக் குடிசை போட வக்கு இல்லை. அண்ணனை எதிர்க்கவும் மனசு இல்லை. கெட்டவர் இல்லை அவர், தேவராஜ். நாலு பேர் சிரிப்பார்களே என்று பயந்தவர். நானும் அதே பயத்தில்தான் காலைத் தூக்கினேன். யோசித்துக்கொண்டே வெட்டிக்கொண்டிருந்தேன். தோப்பு அடர்த்தியாக இருந்தால், வெட்டிய மரம் நேராகத் தரைக்கு வராது. பக்கத்து மரத்தில் மாட்டிக்கொள்ளும், சாய்ந்த வேகத்தில் அடி மேலே ஏறித் தலைகீழாகத் தொங்குவதும் உண்டு. அதைக் கயிறு போட்டு இழுத்துத்தான் சாய்க்க வேண்டும். தினம் பார்க்கிற காட்சிதான். அன்றைக்கு ஒரு மரம் அப்படி மாட்டிக்கொண்டது. கூட இருந்தவன் கயிறு கொண்டுவரப் போனான். நான் கோடாலியைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நுனி தரையைத் தொடவில்லை. மரம் நிற்கவில்லை.

அன்று சாயங்காலமே நல்ல கொழுந்து ஒன்றை வெட்டி வீட்டுக்குத் தூக்கி வந்தேன். அடிக்கட்டையில் கயிற்றைச் சுருக்குப் போட்டு நடு விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டேன். இடுப்புயர மரம் தலைகீழாகத் தொங்கிற்று. உன் பெரியப்பா தட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"இன்னாடா இது? வவ்வாலு மாறி தொங்கவுட்டுக்கிற?"

"தரையில நிக்கக்கூடாதுன்னு சொன்னியேண்ணே. நிக்கலியே, தொங்குது."

அவர் என்னை முறைத்தார். மேலே விட்டத்தைப் பார்த்தார். கீழே குனிந்து நுனிக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்றுகூடப் பார்த்தார்.

"விட்டமும் என்னுதுதாண்டா."

"கூர நான் மேஞ்சது."

சட்டென்று அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "தூ, போடா" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் சம்மதம் அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

மறுநாள் முதல் பஸ். உன் தாத்தா ஊரில் இறங்கியபோது என் வேட்டி முழங்கால் வரை சேறு. உன் அம்மா உரலில் மாவு இடித்துக்கொண்டிருந்தாள், பண்டிகைப் பலகாரத்துக்கு. இந்த முறை கட்டிலில் உட்காரவில்லை. அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். "நான் ஒதைச்சது தப்பு. புள்ள கால்ல பட்டது என் உசுரு இருக்கற வரிக்கும் மறக்காது" என்றேன். அவள் உலக்கையை நிறுத்தவில்லை. "எடம் பண்ணிட்டேன்" என்றேன். உலக்கை நின்றது.

"எங்க?"

"வந்து பாரு."

"சொல்லுயா, எங்க?"

"சொன்னா நம்ப மாட்ட. வந்து பாரு."

உன் தாத்தாதான் முடித்து வைத்தார். "போய்ப் பாரும்மா. புடிக்கலன்னா அடுத்த பஸ்ஸுல திரும்பி வந்துடு. நான் இங்கதான் கீறேன்" என்றார். அந்த மனுஷனுக்கு என் மேல் எவ்வளவு கோபம் இருந்திருக்க வேண்டும், யோசித்துப் பார். மகளை அனுப்பவும் செய்தார். திரும்பி வர வழியையும் திறந்து வைத்தார்.

வீட்டுக்கு வந்து அவள் குனிந்து உள்ளே நுழைந்தாள். நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நான் உன் பெரியப்பா சொன்னதையும் நான் சொன்னதையும் சொன்னேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று நான் மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். அப்போது நீ அவள் இடுப்பிலிருந்து இறங்கி, மரத்தடியில் போய் மல்லாந்து படுத்துக்கொண்டாய். படுத்தபடியே, "எம்மா, இங்க வந்து பாரு, நேரா கீது" என்றாய். உன் அம்மா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாள். ஒரு வருஷத்து அழுகை. எல்லாம் ஓய்ந்த பிறகு என்னைப் பார்த்து ஒன்று சொன்னாள்: "இனிமே இந்த வூட்ல யாரு சாமிக்கும் கால தூக்காதயா. உன் சாமியா இருந்தாலும் சரி."

தலைகீழ் மரத்தை ஜோடிப்பது லேசு இல்லை. மாட்டுகிறது எல்லாம் வழுக்கிக் கீழே விழும். ஒவ்வொன்றையும் நூல் போட்டு முடிச்சுப் போட வேண்டும். அவள் முடிச்சுப் போட, நான் மரத்தைப் பிடித்துக்கொள்ள, அப்படித்தான் ஒவ்வொரு வருஷமும். மற்ற வீடுகளில் நட்சத்திரம் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். நம் வீட்டில் நுனி கீழே இருந்ததால் நட்சத்திரம் உன் மூக்குக்கு நேராக இருந்தது. போகிற போதும் வருகிற போதும் அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவாய். அடுத்த வருஷம் அது உன் மோவாய்க்கு நேரே, அதற்கடுத்த வருஷம் நெஞ்சுக்கு நேரே வந்தது. உன் அம்மா கயிற்றை ஏற்றிக் கட்டவே இல்லை. நீ எவ்வளவு வளர்ந்தாய் என்று அதில்தான் பார்த்துக்கொண்டாள். உன் பெரியப்பா நெட்டை ஆள். நம் பக்கம் வரும்போதெல்லாம் கிளையில் இடித்துக்கொண்டு, "பூந்தாலே மூஞ்சில குத்துது, நல்ல மரம் வளக்கறீங்க" என்பார். அவள் சுட்ட அதிரசத்தைத் தின்றுகொண்டேதான் சொல்வார். அந்த வருஷங்களில்தான் அவள் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், அவளுடைய வேதப் புத்தகத்தை வைத்து. நெற்றியில் விபூதியோடு உட்கார்ந்து வேதம் படித்தவன் நான். அவள் ஒருநாளும் அந்த விபூதியை அழிக்கச் சொன்னதில்லை.

உன்னைச் செங்கல்பட்டு போர்டிங் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது அவள் ஆசை. அங்கே நீ போய், எங்கள் வீட்டில் மரம் தலைகீழாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறாய். பையன்கள் சிரித்திருக்கிறார்கள். லீவுக்கு வந்து, "எங்கியும் இல்லாத மாறி நம்ம வூட்ல மட்டும் இன்னாத்துக்கும்மா தலகீயா?" என்று கேட்டாய். நான் வெளியே கோடாலிக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தேன், காதில் விழுந்தது. அவள் சொன்னாள்: "நம்ம வூட்ல அது அப்டித்தான் வளரும்." அப்பன் மேல் உனக்கு மரியாதை குறையக்கூடாது என்று அதை மறைத்தாள். நான் எழுந்து உள்ளே வந்து, நடந்தது இதுதான் என்று சொல்லியிருக்க வேண்டும். சாணை பிடித்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

நயா பைசா என்கிற புதுக்காசு வந்த வருஷம் புரட்டாசியில் உன் அம்மா போய்விட்டாள். மஞ்சக்காமாலை. பத்தே நாள். அந்த டிசம்பரில் நீ லீவுக்கு வந்தாய். அதற்குள் உன் பெரியப்பா தனியாக வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். தட்டி கிடையாது, வீடு முழுக்க நாம் இருவர்தான். நான் தோப்பிலிருந்து திரும்பியபோது நீ நீயாகவே ஒரு சவுக்குக் கிளையைக் கொண்டுவந்து, மண்ணெண்ணெய் டின்னில் மணல் போட்டு, நேராக நிறுத்தி வைத்திருந்தாய். உச்சியில் காகித நட்சத்திரம். "பாரு நைனா, கரெக்டா வச்சிக்கிறேன்" என்றாய். அம்மா இல்லாத வீட்டில் அம்மாவுக்காக ஒரு பத்து வயதுப் பிள்ளை செய்த காரியம் அது. எனக்கு அது தெரியவில்லை. அவள் போட்ட முடிச்சையெல்லாம் யாரோ அவிழ்த்துவிட்டது போல இருந்தது. அதைப் பிடுங்கி, விட்டத்தில் தலைகீழாகக் கட்டினேன். உன் நட்சத்திரம் கசங்கிக் கீழே விழுந்தது. நீ கத்தினாய்: "அம்மன் கும்புடறவனுக்கு இன்னா தெரியும்? மரத்த எப்டி வெக்கறதுன்னுகூடத் தெரியாத காட்டான்!" நான் அறைந்தேன். மறுநாள் நீ போர்டிங்குக்குத் திரும்பிவிட்டாய். அப்படியே உன் அம்மாவைப் போலவே, ஒன்றும் பேசாமல்.

யார் சாமிக்கும் காலைத் தூக்காதே என்றாள். காலைத் தூக்கவில்லை, கையைத் தூக்கினேன். இரண்டு மரத்தைக் கெடுத்தவன் நான், தேவராஜ். இரண்டு முறையும் அந்த மரத்தை வைத்தவர்கள் என்னிடம் கேட்டது ஒரு முழ இடம்.

அதற்குப் பிறகு நீ கிறிஸ்துமஸுக்கு இங்கே வந்ததே இல்லை. படிப்பு முடிந்தது, பெரம்பூரில் வேலை கிடைத்தது, பொங்கலுக்கு ஒரு எட்டு வந்து மத்தியானமே கிளம்பிவிடுவாய். பன்னிரண்டு டிசம்பர் போயிருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் வெட்டு முடிந்து வரும்போது என் கை தானாக ஒரு கொழுந்தை ஒதுக்கி வைக்கும். கட்டித் தொங்கவிட்டுவிடுவேன், ஆனால் ஜோடிக்க வராது. ஒருவர் பிடித்துக்கொண்டால்தான் ஒருவர் முடிச்சுப் போடலாம். வெறும் மரமாகத் தொங்கும். செத்தைகள் உதிர்ந்து சோற்றுத் தட்டில் விழும். எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவேன். அரிசிக்குக் க்யூவில் நின்ற வருஷம் நீ அனுப்பிய அரிசிப் பையிலிருந்து பொங்கிய சோற்றிலும் விழுந்தது. உன்னிடம் பேச வேண்டும் போல அன்றைக்கு இருந்தது போல என்றைக்கும் இருந்ததில்லை.

சரி, இப்போது நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். கோபப்படாதே. போன ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் சொல்லாமல் புள்ளலூருக்குப் போனேன். உத்திரமேரூரில் ஏறிக் காஞ்சிபுரத்தில் இறங்கி, அங்கிருந்து வேறு பஸ். கஸ்தூரியின் அப்பா என்னை யாரென்று தெரிந்ததும் எழுந்து நின்று மோர் கொடுத்தார். வீட்டில் பாதிச் சாமான் மூட்டை கட்டியிருந்தது. கல்யாணம் முடிந்ததும் மகனோடு பெரம்பூருக்கே வந்துவிடப் போகிறாராம், வீட்டைப் பூட்டிவிடப் போகிறார்களாம். பெண் நல்ல பெண். கை காய்த்திருக்கிறது, கண்ணைப் பார்த்துப் பேசுகிறாள். பேசிக்கொண்டிருக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். எல்லாச் சாமானும் இறங்கிவிட்டது, உத்தரத்தில் ஒரே ஒரு ஓலைக்கூடை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. வீடு முழுக்கப் பார்த்துப் பேசுகிறவள் அந்தப் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

"அது இன்னாம்மா?" என்றேன்.

"அக்காது மாமா" என்றாள்.

கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண்ணைக் கன்னி என்று வீட்டோடு வைத்துக் கும்பிடுவது நம் பக்கத்து வழக்கம், நீ போர்டிங்கில் வளர்ந்ததால் பார்த்திருக்க மாட்டாய். அவள் கட்டிய துணியைக் கூடையில் வைத்து உயரத்தில் தொங்கவிடுவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை இறக்கி, துவைத்து, மஞ்சள் தடவி, பொங்கல் வைத்து, திரும்ப மடித்து வைப்பார்கள். வீட்டில் நல்லது நடந்தால் முதலில் அவளிடம்தான் சொல்வார்கள். கஸ்தூரியின் அக்கா பச்சையம்மா பன்னிரண்டு வயதில் அம்மை போட்டுப் போய்விட்டாளாம். தாய் இல்லாத பிள்ளைகள். இவளை இடுப்பில் வைத்து வளர்த்தது அந்தப் பெண்தான். கூடையில் இருப்பது அவளுடைய சீட்டிப் பாவாடை.

"வர்ற வெள்ளிக்கெயம ஏரில வுட்டுடலாம்னு கீறோம் மாமா. வூட்டையும் பூட்டறோம். அப்பால யாரு பாக்கறது?"

"தேவராஜு வுடச் சொன்னானா?"

"இல்ல மாமா. அவுரு நல்லமாறிதான் கேட்டாரு, வூட்ல சாமி பயக்கம் எதுனா கீதான்னு. ஒண்ணும் இல்லன்னு சொல்ட்டேன்."

ஒன்றுமில்லை என்று உன்னிடம் சொல்லியிருக்கிறாள். நீ நம்பிவிட்டாய். பேசி முடித்தாகிவிட்டது என்று எனக்கு எழுதிவிட்டாய். நீ கல்நெஞ்சக்காரன் இல்லை, எனக்குத் தெரியும். எதை வாசற்படிக்கு வெளியே நிறுத்துகிறோம் என்று தெரியாமலே நிறுத்திவிடுகிறோம். பிறகு அவள் ஒன்றும் பேச மாட்டாள். சமைப்பாள், பிள்ளை பெறுவாள், உன்னோடு கோயிலுக்கு வந்து முக்காடு போட்டு உட்காருவாள். ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை உலைக்கு அரிசி போட்டுவிட்டு ஏன் அப்படியே நின்றுகொண்டிருக்கிறாள் என்று உனக்குத் தெரியாது.

நான் அவளைக் கேட்டேன்: "அம்மா, அந்தக் கூடைய கொஞ்ச நாளு நான் வச்சிக்கட்டுமா?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். "நீங்க வேதக்காரங்க ஆச்சே மாமா" என்றாள்.

"எங்க வூடு ரெண்டும் கலந்த வூடும்மா. உங்க அக்காவுக்கு ஒண்ணும் குத்தம் வராது."

முக்காலி போட்டு ஏறி அவளே இறக்கினாள். மூடியைத் திறந்து பாவாடையை எடுத்து முகத்தில் ஒருதரம் வைத்துக்கொண்டாள். "பச்சையக்கா, மாமா வூட்டுக்குப் போயி இரு" என்றாள். மடித்து வைத்து மூடிக் கொடுத்தாள். பஸ்ஸில் கண்டக்டர் கூடையை மேலே போடச் சொன்னார். மாட்டேன் என்று மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

கூடை இப்போது இங்கே உன் அம்மாவின் டிரங்குப் பெட்டி மேல் இருக்கிறது. நீ அதைக் கும்பிட வேண்டாம். பூ வைக்க வேண்டாம். உன் பாதிரியாருக்குச் சொல்ல வேண்டுமா வேண்டாமா என்பது உன் பாடு. பெரம்பூரில் நீ எடுத்திருக்கிற அறையில் அந்தக் கூடை தொங்க ஒரு ஆணி அடி. எந்தச் சுவரில் என்று நீயாக முடிவு செய்யாதே, அவளைக் கேள். கேட்டுவிட்டு, கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வா. கூடையை நான் கொண்டுவர மாட்டேன், யார் கையிலும் கொடுத்தனுப்பவும் மாட்டேன். நீ வந்து உன் கையால் எடுத்துப் போக வேண்டும். அவசரம் வேண்டாம். மூன்று மணி பஸ்ஸை விட்டால் ஐந்தரைக்கு ஒன்று இருக்கிறது. அதுவரைக்கும் இருந்து, சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

உன் நைனா